லம்பாடா: செத்த ஆசிரியனும் பொய்ப்பெயரும்

‘லம்பாடா’வை வெறும் ஆட்டப்பாட்டு என்று ஒதுக்கும் தீவிர இலக்கியக்காரர்களும், மூன்றாம் உலகின் உடல்மொழி என்று கொண்டாடும் பின்நவீனத்துவ நண்பர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். பாட்டு யாருடையது என்று இருதரப்பும் கேட்பதில்லை.

1981இல் பொலிவியாவின் லோஸ் கார்காஸ் குழு பதிவுசெய்த காதல் பாட்டு அது. இயற்றியவர்கள் உலிசெஸ், கோன்சாலோ எர்மோசா சகோதரர்கள். தலைப்பின் பொருள், ‘அழுதபடி போனாள்’. 1984இல் பெருவின் குவார்தெத்தோ கொந்தினெந்தால் குழு அக்கார்டியனைச் சேர்த்து அதைக் கும்பியா ஆட்டத்துக்கு முடுக்கியது. 1986இல் பிரேசிலின் மார்சியா பெரெய்ரா உரிய அனுமதியோடு போர்த்துகீசியத்தில் பாடினார். 1989இல் பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் ‘காவோமா’ என்றொரு குழுவைக் கூட்டிச்சேர்த்து, இவை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார்கள். தொலைக்காட்சியும் குளிர்பானக் கம்பெனியும் தூக்கிப்பிடிக்க, ஐரோப்பாவின் கோடைப்பாட்டாக அது லட்சக்கணக்கில் விற்றது. தட்டில் ஆக்கியவர் பெயர் சிக்கோ தெ ஒலிவெய்ரா. அப்படி ஓர் ஆளே கிடையாது. தயாரிப்பாளர் ஒலிவியே லோர்சாக்கின் புனைபெயர் அது.

ஆசிரியன் செத்துப்போனான் என்று 1990களில் நம் சிறுபத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. பாரிசிலிருந்து வந்த சேதிதான். அதே பிரான்சில், செத்தவன் நாற்காலியில் ஒரு பொய்ப்பெயர் உட்கார்ந்து உரிமையைப் பதிவுசெய்துகொண்டது. ஆசிரியன் செத்தாலும் ராயல்டி சாவதில்லை. மூன்றாம் உலகத்துக்காரனுக்குப் பிரதியின் சுதந்திர விளையாட்டைப் போதிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும்.

எர்மோசா சகோதரர்கள் வழக்காடித் தங்கள் உரிமையை மீட்டார்கள். நீதி கிடைத்தது என்று இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. அந்தப் பாட்டின் தாளத்தைப் பொலிவியாவில் ‘சாயா’ என்கிறார்கள். சாயா, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் வைத்திருக்கும் பாட்டும் பறையடியும். நகரத்து நாட்டார் இசைக்குழுக்கள் வேறொரு தாளத்துக்கு எங்கள் பெயரை ஒட்டிவிட்டன என்று அந்த மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? காப்புரிமைச் சட்டத்துக்குத் தனிமனிதனின் கையெழுத்து புரியும். ஊர் கூடி அடித்த தாளம் அதன் காதில் விழாது.

காதல் என்ன ஆனது? பொலிவியப் பாட்டில் கைவிடப்பட்டவன் தனியே நின்று புலம்புகிறான். போர்த்துகீசிய வடிவத்தில் முன்பு அழவைத்தவரே அழுதபடி போகிறார், புலம்பல் கணக்குத்தீர்ப்பாகிவிடுகிறது. விளம்பரப் படத்திலோ கடற்கரை, குட்டைப்பாவாடை, ஒரு கறுப்புச் சிறுவனோடு ஆடும் வெள்ளைச் சிறுமி. அழுகை யார் கண்ணிலும் இல்லை. லோவால்வா பிராஸின் குரலில் மட்டும் அது கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

2011இல் ஜெனிபர் லோபஸ் அதே மெட்டை எடுத்தாண்டார். இனியும் எடுப்பார்கள். எடுக்கக்கூடாது என்பதல்ல என் வாதம். மெட்டு கைமாறித்தான் வாழும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாருடைய பெயர் அழிகிறது என்று பார்ப்பதும் விமர்சனத்தின் வேலை. அதைச் செய்யாத பிரதியியல் தயாரிப்பாளருக்குத்தான் கணக்கு எழுதுகிறது.