கொழும்புத்துறை வழி

"சிலோன்ல யோகா எல்லாம் உண்டா சார்?" அடையாறில் ஒரு யோகா வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வித்தியாசமாக நினைத்துக் கேட்கவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு அது சுடும் கேள்வி.

சென்னையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. விடியற்காலை வகுப்பு, விரித்து வைத்த பாய்கள், மாதக் கட்டணம், முடிவில் சான்றிதழ். 2015 முதல் ஜூன் 21 என்றால் மைதானமெங்கும் ஆசனங்கள். அவர்கள் சம்மணம் போட்டு உட்கார்கிறார்கள். நாங்கள் சப்பாணி கட்டி இருக்கிறோம். நம் ஊரில் தியானமும் 'இருக்கிற' காரியந்தான்.

எங்கள் ஐயா நாலு மணிக்கு எழும்பி, கிணற்றடியில் முழுகி, திருநீறு பூசி, புற்பாயில் கிழக்கு நோக்கி இருப்பார். மூச்சு மெல்ல மெல்லத் தாழும். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, சனம் நெருக்கியடித்துக் கிடந்த பள்ளிக்கூட விறாந்தையிலும் அதே நேரத்துக்கு எழும்பி இருந்தார். தான் யோகம் பழகுகிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பரம்பரை உண்டு. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி. அவர் வழியில் யோகர் சுவாமி. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தபடியே தவத்தைத் தொடங்கியவர் அவர். பிறகு கொழும்புத்துறை இலுப்பை மரத்தடி, அப்புறம் ஒரு சிறு கொட்டில். 1964இல் சமாதியாகும் வரை அந்தக் கொட்டிலுக்கு நீதவானும் வந்தார், தோட்டக்காரனும் வந்தான். தன்னை அறியச் சொன்னார். அதற்காக வேலையை விடச் சொல்லவில்லை. வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்துத் தியான மண்டபத்தில் இன்றும் பேச்சு இல்லை. அங்கே போய் இருந்துவிட்டு எழும்பி வருகிறவரிடம் என்ன கற்றீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தியாவின் பெருமையை நான் மறுக்கவில்லை. பத்தமடையில் பிறந்த சிவானந்தர் 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வநெறிக் கழகம் தொடங்கினார். அவருடைய சீடர் சச்சிதானந்தர், கோவைப் பக்கத்தவர், 1950களில் கண்டியில் தபோவனம் நடத்தியவர். அமெரிக்கா அவரைக் கண்டது 1966இல். அதற்கு முன்பே இலங்கைத் தமிழர் அவரிடம் யோகம் கற்றுவிட்டார்கள். அடையாறு நண்பருக்கு இதைச் சொன்னேன். அவருக்கு அது புதுச்செய்தி.

ஒன்றில் சென்னை நம்மை விஞ்சி நிற்கிறது. யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்தவர்கள் ஆளுக்கேற்ப ஆசனத்தையும் மூச்சையும் அளந்து கொடுக்கிறார்கள். எழுபது வயதுக்காரரின் முழங்காலுக்கு ஒரு பயிற்சி, பிள்ளை பெற்றவளுக்கு வேறொன்று. நான் போய்வந்த இரண்டொரு இடங்களில் பார்த்தது இது. ரிஷிகேசப் பக்கம் எப்படியென்பதை அங்கே போனவர்கள்தான் சொல்ல வேண்டும். நம்மவர்கள் உடம்பைக் கவனிக்காமலே இருந்து பழகிவிட்டார்கள். ஐயாவுக்கும் கடைசிக் காலத்தில் முதுகு நிமிரவில்லை. அந்தக் கலையைத் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கோயிலில் புராணபடனம் கேட்கக் கூடும் முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நல்லது. கட்டணமும் சான்றிதழும் மட்டும் வேண்டாம்.