கொலையுதிர் காலம்: இளம் வாசகரும் இருண்ட துப்பறியும் கதையும்

கொலையுதிர் காலம் சுஜாதா எழுதிய துப்பறியும் நாவல். 1981-ல் குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாகிப் பல பதிப்புகள் கண்டது. வழக்கறிஞர்களான கணேஷ், வசந்த் இருவரும் துப்பறியும் கதைவரிசையில் மிகுதியாக வாசிக்கப்பட்ட படைப்புகளுள் ஒன்று. இளையோருக்கான குற்றக்கதை என்ற தனி வகைமை தமிழில் உருவாகாத காலத்தில் அந்த இடத்தை நிரப்பிய நாவல் இது. 2019-ல் இதே பெயரில் வெளிவந்த திரைப்படத்தின் கதை வேறு.

இளையோர் வாசிப்பு

அமெரிக்காவில் பதின்பருவ வாசகருக்கென்று தனி அலமாரி 1960-களிலிருந்து வலுப்பெற்றது. எஸ். இ. ஹின்டன் தன் பதின்பருவத்திலேயே எழுதிய தி அவுட்சைடர்ஸ் 1967-ல் வெளிவந்தது. சாலை விபத்தில் ஒரு சிறுவனைக் கொன்றுவிட்டு அதை மறைக்கும் நான்கு இளைஞர்களைப் பற்றிய லோயிஸ் டங்கனின் நாவல் 1973-ல் வந்தது. குற்றம் செய்தவரும் அதற்கு அஞ்சுபவரும் வாசகரின் வயதினராகவே இருப்பது இவ்வகை நாவல்களின் இலக்கணம்.

தமிழில் அந்த இடைநிலை அலமாரி இல்லை. அம்புலிமாமாவையும் கோகுலத்தையும் கடந்த வாசகர் நேராகப் பெரியவர்களின் வார இதழ்களுக்குள் நுழைந்தார். நடுவே தமிழ்வாணனின் சங்கர்லால் இருந்தார். ஆனால் அவர் உலகில் இருள் குறைவு. ஒழுக்கமும் தேநீரும்தான் அதிகம். 1980-களில் மாத நாவல்கள் பெருகியபோது ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி ஆகியோர் ரயில் நிலையக் கடைகளில் தொங்கினர். கடற்கரை-தாம்பரம் மின்சார ரயிலில் கல்லூரிக்குச் செல்வோருக்கு ஏற்ற அளவு அவை. தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைப்பது வீடுகளில் பரவலான வழக்கம். வீட்டுப் பெரியவர்களுக்காகத் தைக்கப்பட்ட அந்தத் தொகுப்புகளை விடுமுறையில் எடுத்துப் படித்தவர்கள் பிள்ளைகள்தான். எந்தக் கதை எந்த வயதுக்கு என்று யாரும் பிரித்து வைக்கவில்லை.

குரோம்பேட்டைப் படிப்பு

சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935-2008) திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் மின்னணுவியல் கற்றார். சி. ராஜம் 1949-ல் தொடங்கிய இந்நிறுவனம், பிற பொறியியல் கல்லூரிகள் சிவில், மெக்கானிக்கல் என்றிருந்த நாளில் விமானப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகியவற்றைக் கற்பித்தது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அப்துல் கலாம் இங்கே விமானப் பொறியியல் படித்தவர். தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஒரு புறநகரில் பெற்ற இந்தப் படிப்பு, கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு பேய்க்கதைக்குள் வந்து சேர்ந்தது.

பேயும் ஒளியும்

லீனா என்ற இளம்பெண்ணுக்குப் பெரும் குடும்பச் சொத்து வரவிருக்கிறது. அதை அதுவரை நிர்வகிப்பவர் குமாரவியாசன். சொத்துப் பொறுப்பு கைமாறும் சட்ட வேலைக்காக கணேஷும் வசந்தும் அந்தப் பெரிய வீட்டுக்குச் செல்கின்றனர். இரவில் ஒரு பெண்ணுருவம் தோன்றுகிறது. குடும்பத்தின் பழைய கதையொன்று பேசப்படுகிறது. கொலைகள் நிகழ்கின்றன.

எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பது கணேஷின் கட்சி. வசந்த் அவ்வளவு உறுதியாக இல்லை. கணேஷ் முன்வைக்கும் விளக்கம் ஹோலோகிராம். டென்னிஸ் காபர் 1940-களின் இறுதியில் கண்டுபிடித்து, 1971-ல் அதற்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்ற நுட்பம் அது. லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின்மேல் படச்செய்து, மற்றொன்றோடு சேர்த்து அவற்றின் குறுக்கீட்டுக் கோலத்தைத் தகட்டில் பதிப்பார்கள். பிறகு தகட்டில் ஒளி பட்டால் பொருள் இருந்த இடத்தில் அதன் முப்பரிமாண உருவம் தெரியும். 1981-ல் இதை நேரில் பார்த்த தமிழ் வாசகர் மிகக் குறைவு. தொடரை வாசித்த பள்ளி மாணவருக்கு அது பேயைப் போலவே நம்பமுடியாததாக இருந்திருக்கும்.

அறிவியல் கணக்கில் இந்த விளக்கம் முழுமையாக நிற்பதில்லை. ஹோலோகிராம் உருவத்தைத் தகட்டின் எல்லைக்குள், குறிப்பிட்ட கோணங்களில் மட்டுமே காண முடியும்; திறந்தவெளியில் விருப்பப்படி உலவவிட முடியாது. மின்னணுவியல் படித்தவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. அந்த இடைவெளியை அவர் அடைக்காமல் விட்டதே நாவலின் பலம். முடிவுக்குப் பின்னும் பேயா கருவியா என்ற கதவு சற்றே திறந்திருக்கிறது. இளம் வாசகரிடம் நம்பு என்றும் சொல்லாமல், நம்பாதே என்றும் சொல்லாமல், இரண்டு வாதங்களையும் கையில் கொடுத்துவிட்டு விலகும் துப்பறியும் கதை தமிழில் அரிது.

லீனாவின் இடம்

நாவலின் உண்மையான இருள் பேயில் இல்லை. தன் சொத்தின்மேல் கண் வைத்த மூத்தவர்கள் சூழ, ஓர் இளம்பெண் தனியாக ஒரு பெரிய வீட்டில் இருக்கிறாள் என்பதில் இருக்கிறது. இது கற்பனைக்கான வசதி மட்டுமல்ல. 1875-ஆம் ஆண்டின் இந்திய மேஜர் வயதுச் சட்டப்படி ஒருவர் 18 வயதில் மேஜராகிறார். நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்திருந்தால் 21 வயதுவரை காத்திருக்க வேண்டும் என்ற விதி 1999 திருத்தம் வரை நீடித்தது. சொத்துள்ள அனாதைப் பெண்ணுக்குப் பாதுகாவலரே ஆபத்தாகக்கூடும் என்பதை இந்நாவல் பேய்க்கதையின் மொழியில் சொல்கிறது. பதினாறு வயது வாசகிக்கு இதைவிட நெருக்கமான அச்சம் வேறில்லை.

ஆனால் அந்த அச்சத்தை உணர்பவளிடம் கதை போவதில்லை. பெரும்பாலும் அது கணேஷ், வசந்த் இருவருடனேயே நகர்கிறது. லீனா பார்க்கப்படுகிறாள், சந்தேகிக்கப்படுகிறாள், காப்பாற்றப்படுகிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது புதிரின் ஒரு துண்டாகவே மிஞ்சுகிறது. பெண்களைக் கண்டதும் வசந்த் அடிக்கும் கமெண்டுகள் அன்று வாசகர்களைச் சிரிக்க வைத்தன. சொல்லியே முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்குக்காகவே அவரை விரும்பியவர்கள் ஏராளம். அந்தத் துடுக்கு இல்லாமல் கணேஷின் தர்க்கம் வறண்டுபோயிருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் ஆபத்திலிருக்கும் பெண்ணின்மேல், அவளைக் காக்க வந்தவரின் பார்வையும் அதே போலப் படிவதை நாவல் ஒரு கேள்வியாக ஆக்கவில்லை. சுஜாதாவின் பல தொடர்களுக்கு ஜெயராஜ் வரைந்த கவர்ச்சியான ஓவியங்களும் வார இதழில் இந்தப் பார்வைக்கே துணைநின்றன.

இது சுஜாதாவால் இயலாத ஒன்றல்ல. 1968-ல் வெளிவந்த அவருடைய நைலான் கயிறு நாவலில் சுநந்தா என்ற பெண்ணின் டைரிக் குறிப்புகள் விசாரணையின் நடுவே வந்துகொண்டேயிருக்கும். கொலை யார் செய்தது என்று தேடிக்கொண்டிருக்கும் வாசகர், அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது தேடலை மறந்து அவளுக்காகப் பதறுகிறார். கதைப்பின்னலில் கொலையுதிர் காலம் அதைவிடத் தேர்ந்த நாவல். வேகமும் மர்மமும் கூடியது. எனினும் இளையோருக்கான இருண்ட குற்றக்கதை என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், முந்தைய நாவலே முன்னிற்கிறது. லீனாவுக்கும் அப்படி ஒரு டைரி இருந்திருந்தால், இரவில் தெரிந்த உருவத்தைப் பற்றி அவள் எழுதியிருக்கக்கூடிய பக்கம் கணேஷின் விளக்கத்தையும் வசந்தின் ஐயத்தையும் ஒருசேர அசைத்திருக்கும்.