வெள்ளிக் குழலுக்கு மரம் என்று பேர்

1946இல் இங்கிலாந்தின் கல்வி அமைச்சகத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு படம் எடுத்தார்கள். சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று காட்டுகிற படம். (நம்மூரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரி. அது வேற கதை.) இசை பெஞ்சமின் பிரிட்டன். ஹென்றி பர்செலின் பழைய மெட்டு ஒன்றை முதலில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். பிறகு 'வுட்விண்ட்' எனப்படும் மரக்குழல்கள், அடுத்துப் பித்தளைக் கருவிகள், அடுத்து நரம்புக் கருவிகள், கடைசியில் தட்டுக் கருவிகள். நாலு குடும்பம், நாலு தடவை அதே மெட்டு. மேற்கத்திய இசைக்கு அறிமுகம் என்று உலகத்தின் பல பள்ளிகளில் இன்றைக்கும் போட்டுக் காட்டுவது இந்த இசையைத்தான்.

நல்ல இசை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உறுத்துவது அந்தக் 'குடும்பம்' என்ற சொல். வகை என்று சொல்லலாம், பிரிவு என்று சொல்லலாம், அணி என்றுகூடச் சொல்லலாம். குடும்பம் என்றால் பிறப்பால் வருவது, ரத்தத்தால் வருவது. இந்தக் கருவி ஏன் இங்கே, அது ஏன் அங்கே என்று கேட்டால், அது அந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம். வரலாற்றில் உண்டான ஓர் ஏற்பாட்டை இயற்கையானதாக ஆக்கிக் காட்டுகிற காரியத்தை இந்தச் சொல் ஓசைப்படாமல் செய்துவிடுகிறது. அந்த ஏற்பாட்டுக்குள் படிநிலை உண்டு, தீட்டும் உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

மரக் குடும்பத்தையே எடுத்துக்குவோம். தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் 1847இல் புல்லாங்குழலை உலோக உருளையாக்கினார். இன்று ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிற ஃப்ளூட் பெரும்பாலும் வெள்ளி. பேர் மட்டும் மரம். சரி, மரத்திலிருந்து வந்த வழி, பேர் ஒட்டிக்கிச்சு என்று விட்டுவிடலாம். சாக்ஸபோன்? அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கும்போதே அது பித்தளை. வாயில் வைக்கிற இடத்தில் நாணல் சீவல் இருப்பதால் அதுவும் 'மரம்'தான் என்று கணக்கு. கொள்கை அளவில் குடும்பத்தில் சேத்தாச்சு, வீட்டுக்குள்ள மட்டும் விடல. பிஸே 1872இல் கூப்பிட்டார், ராவெல் 1928இல் 'பொலேரோ'வுக்குக் கூப்பிட்டார். வந்தது, வாசித்தது, போனது. நிரந்தர நாற்காலி கிடையாது. ராணுவ பாண்டிலும் பிறகு ஜாஸிலும்தான் அதற்கு வாழ்க்கை அமைந்தது. உறவு ஒண்ணு, பந்தியில உக்காருறது இன்னொண்ணு என்பது நமக்குப் புதுசில்லையே.

நிஜமாகவே மரத்தாலான கிளாரினெட், ஓபோ சங்கதியும் இருக்கிறது. அவற்றின் கருமரம் தான்சானியா, மொசாம்பிக் காடுகளிலிருந்து வருவது. வயலின் வில்லுக்கு உசத்தி என்று கருதப்படும் மரம் பிரேசிலுடையது. குடும்பக் கொடிவழியில் இந்தக் காடுகளுக்கு இடமில்லை.

ட்ரம்பெட்டும் டிம்பனியும் இதைவிடச் சுவாரசியமானவை. டிம்பனி என்பது செம்புக் கொப்பரையில் தோல் போர்த்திய முரசு. குதிரைப்படையில் ரெண்டும் ஜோடி. ஜெர்மானிய நாடுகளில் ட்ரம்பெட்காரரும் முரசுக்காரரும் ஒரே தொழிற்சங்கம். 1623இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் அதற்குத் தனிச் சலுகைகள் கொடுத்தார். ஹைடன், மொசார்ட் காலத்திலும் பெரும்பாலும் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் நுழைவார்கள், ஒன்றாகத்தான் நிறுத்துவார்கள். தொழிலால், அந்தஸ்தால், பழக்கத்தால் பார்த்தால் குடும்பம் என்று சொல்லத் தகுந்தது அதுதான். நாலு குடும்பக் கணக்கு அதைப் பிரித்துப் பித்தளையை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் போட்டுவிட்டது.

அப்படியானால் தட்டுக் கருவிக் குடும்பம் என்பது என்ன? டிம்பனி, பெரிய டிரம், சிம்பல், முக்கோணம், சைலபோன், மணி, காங். இவற்றுக்குள் என்ன ஒட்டு, என்ன உறவு? அடிக்கிறோம் என்பதுகூட முழுசாகச் சரியில்லை. எரிக் சாட்டி 1917இல் தன் 'பரேட்' பாலேயில் டைப்ரைட்டர், கைத்துப்பாக்கி, சைரன் எல்லாம் கேட்டார். எல்லாம் தட்டுக் கருவிக்காரர் தலையில்தான் விடிந்தது. சைரனைத் தட்டவா செய்கிறார்கள்? வேறெங்கும் சேர்க்க முடியாததைக் கொண்டுவந்து போடுகிற அறை இது. மிச்சத்துக்குக் குடும்பம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இந்த அறையில் முக்கியமான மூன்று பேர் எதிரிப் படையிலிருந்து வந்தவர்கள். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட உதுமானியர்களின் ஜானிசரிப் படைக்கென்று வாத்தியக் குழு உண்டு. அந்தச் சத்தத்தை ஐரோப்பிய அரசர்கள் 18ஆம் நூற்றாண்டில் தங்கள் ராணுவ பாண்டுகளில் சேர்த்துக்கிட்டார்கள். பெரிய டிரம், சிம்பல், முக்கோணம் மூணும் சேர்ந்தால் 'துருக்கிய இசை'. மொசார்ட் 1782இல் துருக்கிய அந்தப்புரக் கதையொன்றின் ஆபராவுக்கு இதைப் பயன்படுத்தினார். ஹைடன் 1794இல் தன் நூறாவது சிம்பனியில் போர்ச் சத்தத்துக்கு. பேத்தோவன் 1824இல் ஒன்பதாவது சிம்பனியின் கடைசிப் பகுதியில், மனிதரெல்லாம் சகோதரர் என்று பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு துருக்கிய அணிவகுப்பை நுழைக்கிறார். சகோதரத்துவத்துக்குள் 'மற்றமை' வந்து நிற்கும் அந்த இடத்தை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும். கூடவே சந்தேகமும் வரும். இது வரவேற்பா, வேடிக்கையா? ரெண்டே வருஷத்தில், 1826இல், சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையை ஒழித்துக் கட்டினார். வாத்தியக் குழுவும் அதோடு போச்சு. 1828இல் ஆபரா இசையமைப்பாளர் டோனிஸெட்டியின் அண்ணன் ஜுசெப்பே இஸ்தான்புலுக்கு வந்து ஐரோப்பிய பாணி பாண்ட் கட்டினார். அங்கே பறிபோன சத்தம் இங்கே 'துருக்கி' என்ற பேரையும் மெல்ல இழந்து, தட்டுக் கருவிக் குடும்பத்தில் பெயரில்லா உறுப்பினராகக் கடைசி வரிசையில் நிற்கிறது.

பிரிட்டன் எடுத்தாண்ட பர்செல் மெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிடணும். 1695இல் 'அப்டெலேஸர்' என்ற நாடகத்துக்குப் போட்டது. அஃப்ரா பென் என்ற பெண் எழுதி 1676இல் மேடையேறிய நாடகம். 'மூரின் பழிவாங்கல்' என்று துணைத் தலைப்பு. மூரும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை, மெட்டு மட்டும் குடும்பங்களை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறது. பிரிட்டன் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரதிகள் எழுதியவரைக் கேட்டுக்கொண்டா பேசுகின்றன?

நரம்புக் கருவிகள் மட்டும் உண்மையிலேயே குடும்பம் மாதிரி என்று ஒத்துக்கணும். வயலின், வியோலா, செல்லோ: ஒரே உடம்பு, வேறு வேறு அளவு. பிராம்ஸில் ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று தொடும்போது அந்த ஒட்டு காதில் விழுகிறது. ஆனால் கும்பல் உழைப்பும் இங்கேதான். ஊதுகிறவருக்குத் தனக்கென்று ஒரு பாகம் உண்டு. வயலின்காரர் ஒரே பாகத்தை வாசிக்கிற பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருத்தர். 2004இல் பான் நகரத்து பேத்தோவன் ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்காரர்கள் வழக்குப் போட்டார்கள்: ஊதுகிறவர்களைவிட நாங்கள் அதிக ஸ்வரம் வாசிக்கிறோம், கூலியைக் கூட்டு என்று. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹார்ப் இந்த வீட்டில் மருமகள் மாதிரி. நரம்பு இருக்கிறது என்பதற்காக உள்ளே சேர்த்த கருவி. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ் இருபது வருஷத்துக்கும் மேலாக அங்கே வாசித்த பிறகு, 1997இல்தான் உறுப்பினராக ஏற்கப்பட்டார். அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் பெண் உறுப்பினர் அவர்.

பெர்லின் கதை இன்னும் சிக்கலானது. 1882இல் தொடங்கிய பெர்லின் ஃபில்ஹார்மோனிக் தன்னைத் தானே ஆளுகிற அமைப்பு. யாரைச் சேர்ப்பது என்பதை வாசிக்கிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முதல் பெண், ஒரு வயலின் கலைஞர், 1982இல்தான் நுழைகிறார். அதே வருஷம் நடத்துநர் கராயன், சபீனே மயர் என்ற இளம் கிளாரினெட் கலைஞரைக் கொண்டுவரப் பார்த்தார். ஓட்டு: எதிராக 73, ஆதரவாக 4. கராயன் விடாமல் தன் அதிகாரத்தில் ஒப்பந்தம் போட்டார், பெரிய சண்டை, 1984இல் மயர் தானே விலகிப் போனார். பிறகு உலகம் அறிந்த தனிக்கலைஞர் ஆனார். ஆர்க்கெஸ்ட்ரா தரப்பில் அன்றைக்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்கணும். அவர் பெண் என்பதல்ல. அவருடைய நாதம் மற்ற மரக்குழல்களோடு 'கலக்கவில்லை' என்பது. கராயனின் எதேச்சாதிகாரத்துக்கு எதிரான ஜனநாயகப் போராட்டம் என்று இதைப் படிக்க முடியும். அந்தப் படிப்பில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஜனநாயகம் ஓட்டுப் போட்டது யாரை வெளியே வைக்க? குடும்பத்தின் நாதம் என்ற கதையாடல் இருப்பதால்தான் விலக்குவதைக்கூட ரசனையின் மொழியில் சொல்ல முடிகிறது. ரத்தம் என்கிற இடத்தில் இங்கே நாதம்.

வேறு வகையில் பிரிக்க முடியாதா? முடியும், பிரித்தும் இருக்கிறார்கள். 1914இல் ஹார்ன்போஸ்டெலும் சாக்ஸும் (இவர் கர்ட் சாக்ஸ், வேற ஆள்) எது அதிர்கிறது என்பதை மட்டும் வைத்து நாலாகப் பிரித்தார்கள்: நரம்பு, காற்று, தோல், கருவியின் உடம்பே. அதற்கு அடிப்படை பிரஸ்ஸல்ஸ் இசைக் கருவி அருங்காட்சியகத்தின் மஹியோன் 1880இல் போட்ட அட்டவணை. மஹியோனுக்கு வழிகாட்டியது நாட்டிய சாஸ்திரத்தின் ததம், சுஷிரம், அவனத்தம், கனம் என்ற பாகுபாடு. கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய அரசருக்கு அன்பளிப்பாக அனுப்பிய இந்தியக் கருவிகளோடுதான் அந்த அருங்காட்சியகச் சேகரிப்பு வளர்ந்தது. அந்த அரசர் வேறு யாருமில்லை, பின்னால் காங்கோவை ரத்தக்காடாக்கிய இரண்டாம் லியோபோல்ட். உலகத்தின் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துகிற வகைப்பாடு இந்த வழியாகத்தான் வந்தது. ஆய்வாளர்கள் எடுத்துக்கிட்டார்கள், ஆர்க்கெஸ்ட்ரா தொடவில்லை. அதிர்வை வைத்துப் பிரித்தால் முன் வரிசை, பின் வரிசை கிடையாதே.

அதற்காக நம்ம பழைய பாகுபாடு புனிதம் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று நாமும்தான் பிரித்தோம். காகிதத்தில் மிருதங்கமும் பறையும் ஒரே தோற்கருவி. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோல் பதப்படுத்தி மூட்டுகிற கைகள் எவருடையவை, மேடையில் அதைத் தட்டிய விரல்கள் பெரும்பாலும் எவருடையவை, பறை எந்தத் தெருவோடு நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது.