கமராவும் கூலியும்

நம் கொழும்பின் லயனல் வென்ட் (1900–1944) உழைக்கும் உடல்களில் ஒளியின் அழகைக் கண்டார். அவ்வுடல்களின் கூலியைப் பற்றி அவர் படங்கள் பேசவில்லை. மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமாரின் கமரா அங்கிருந்துதான் தொடங்குகிறது. மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்த இவர், 2017 இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்.

மனிதன் மலமள்ளுவதை இந்தியச் சட்டம் 1993 இலும் 2013 இலும் தடைசெய்தது. மலக்குழி மரணங்களோ ஓயவில்லை. சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள இப்பிளவே இவர் கலையின் பொருள். மாண்டவரோடு நின்றுவிடாது, அவரை இழந்து வாழ்வோரையும் இவர் படம்பிடிக்கிறார். அங்கே இரக்கம் வேண்டும் முகங்கள் இல்லை. நியாயம் கேட்கும் முகங்களே உண்டு.

2022 இல் தயானிதா சிங்–பாரி விருது இவருக்குக் கிடைத்தது. அதனினும் பெரிது, தூய்மைத் தொழிலாளர், மீனவர் பிள்ளைகளுக்கு இவர் கமராவைக் கற்பிப்பது. இதுவரை பார்க்கப்பட்டவர் இனிப் பார்ப்பவராகிறார்.

ஆயினும், படத்தின் முன் கண்கலங்கியதும் கடன் தீர்ந்ததென நாம் எண்ணிவிடக்கூடும். அது படத்தின் குறையன்று. கொழும்பின் வீதிகளைத் தலைமுறைகளாகத் துப்புரவு செய்தோருள் தமிழர் பலர். அவர்தம் பிள்ளைகள் கொட்டாஞ்சேனை வகுப்பறையில் அமரும்போது, ஆசிரியராகிய நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்?