மூன்று மாதத்தில் ஒரு மாவட்டம்

தென்காசிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இப்போது ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. கல்லூரி வரக் காலம் ஆகலாம். ஆனால் முதுநிலை மாணவர்கள்தான் மாவட்ட மருத்துவமனைகளுக்கே வந்து வேலை பார்க்கிறார்களே, பயிற்சி மருத்துவமனையின் பலனில் பாதி கிடைத்துவிட்டதே என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்வதால் கேட்பவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். மருத்துவர்கள் டி.ஆர்.பி. என்று சுருக்கிச் சொல்லும் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டத்தைத்தான் இவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. பயிற்சி மருத்துவமனைக்கு எது உயிரோ அதைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு, ஆள்பலத்தை மட்டும் மூன்று மாதத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பரில் விதியாக அறிவிக்கப்பட்டு, 2021ஆம் கல்வியாண்டில் சேர்ந்தவர்களிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பருவங்களுள் ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். அதை முடிக்காமல் இறுதித் தேர்வுக்குப் போக முடியாது. நள்ளிரவில் பிரசவ வார்டில் பயிற்சி பெற்ற ஒரு கை கூடுதலாக இருப்பது சின்ன விஷயமில்லை. எல்லாப் பரிசோதனையும் பக்கத்து அறையில் கிடைக்காத இடத்தில், கண்ணையும் காதையும் விரலையும் நம்பி நோயைக் கணிக்கப் பழகுவது மாணவருக்கும் நல்லது. கல்லூரிக் கோரிக்கையும் நியாயமானதே. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோதும் விடுபட்ட ஆறு மாவட்டங்களில் தென்காசியும் ஒன்று. இவற்றில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு அந்த மூன்று மாதத்தின் மீது.

குற்றாலத்துச் சீசனும் ஏறக்குறைய மூன்று மாதம்தான். சாரலோடு வந்து சாரலோடு திரும்பிப் போகிறவருக்கு, பாறை காய்ந்து கிடக்கும் குற்றாலம் தெரியாது. இந்தத் திட்டத்தில் வரும் மாணவரும் அப்படித்தான் ஒரு சீசனைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஜூனில் வந்தால் ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தவர்களின் எலும்பு முறிவையும் தலைக்காயத்தையும், புளியரைச் சாலையில் அடிபட்டு வருகிறவர்களையும் பார்ப்பார். அக்டோபரில் வந்தால் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வரும் காய்ச்சல்களைப் பார்ப்பார். பிப்ரவரியில் வருகிறவர் இரண்டையும் பார்க்க மாட்டார். மூவருக்கும் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றியதாகச் சான்றிதழ் உண்டு. மூவரில் ஒருவரும் இந்த மாவட்டத்தின் ஒரு முழு வருடத்தை அறிந்தவர் இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இங்கே நோய்கள் மூன்று மாதத்தில் முடிவதில்லை. கர்ப்பம் நாற்பது வாரம். சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண் ஆறிவிட்டதா, மறுபடி வந்ததா என்பது அடுத்த வருடம் தெரியும். கடையத்திலும் கீழப்பாவூரிலும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணின் ரத்தசோகையும் முதுகுவலியும் இழுப்பும் ஒரே ஓ.பி. சீட்டில் தீருவதில்லை. ஒரே நோயாளியை இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் ஒரு மருத்துவர் தன் முதல் கணிப்பு சரியா என்று தெரிந்துகொள்கிறார். அந்த இரண்டாம் சந்திப்பை இந்தத் திட்டம் பெரும்பாலும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவார வயல்களிலும் தோப்புகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மாணவர் வந்ததும் கற்றுக்கொள்வது இருபது நிமிடச் சோதனை: கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது. உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து போட வேண்டும். இதை ஒரே இரவில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு அப்பால் உள்ளவை ஒரே இரவில் வருவதில்லை. நம்மிடமுள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. இந்த மலைத்தொடரில் மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்றும் இருக்கிறது. பார்வைக்குச் சுருட்டை விரியன் என்று ஏமாற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், அந்த மருந்துக்குக் கட்டுப்படாது. குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையாதபோது சந்தேகப்பட, அந்த இடத்தில் பலரைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவரின் கதையும் டிஸ்சார்ஜ் ஆன நாளோடு முடிவதில்லை. சிலருக்குச் சிறுநீரகம் முழுமையாகத் திரும்புவதில்லை. இன்னும் சிலருக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சேதமாகி, மாதங்களோ வருடங்களோ கழித்துத் தீராத சோர்வும், உடல் முடி உதிர்தலும், குளிர் தாங்காமையும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் வரும். குறைந்த ஹார்மோனைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் அவர்கள் தேறுவார்கள். ஆனால் அந்தச் சோர்வையும் இரண்டு வருடத்துக்கு முந்தைய பாம்புக்கடியையும் யார் சேர்த்துப் பார்ப்பது? கடித்த இரவில் மருந்து ஏற்றிய மாணவர் கல்லூரிக்குத் திரும்பி, தேர்வெழுதி, வேறு ஊருக்குப் போயிருப்பார். அவர் ஓர் உயிரைக் காப்பாற்றினார். அந்த உயிர் பிறகு என்ன ஆனது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய படிப்பில் விழுந்த ஓட்டை இது. மாவட்டத்துக்கும் இதே நட்டம்: அந்த நோயை அறிந்த ஒருவரை அது உருவாக்கிக்கொள்ளவில்லை.

கல்லூரி மருத்துவமனையிலாவது இந்தத் தொடர்ச்சி கிடைக்கிறதா என்றால் அங்கேயும் இல்லை. தென்காசியில் நிலைமை கைமீறினால் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க.” 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் ஊர்வாயில் ஹைகிரவுண்ட். தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சிவகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் தூரம். ஆம்புலன்சோடு ஒரு கடிதம் போகிறது. அங்கே வார்டிலிருக்கும் முதுநிலை மாணவர் அந்த நோயாளியை நோய் முற்றிய கட்டத்தில் முதன்முதலாகப் பார்க்கிறார். முதல் நாள் எப்படி இருந்தது என்பதை நாலு வரிக் கடிதத்திலிருந்து ஊகிக்கிறார். நோயாளி தேறினாலும் இறந்தாலும், அனுப்பியவருக்கு வழக்கமாகப் பதில் வருவதில்லை. மாவட்ட மருத்துவமனையில் இருப்பவர் கதையின் தொடக்கத்தை மட்டும் படிக்கிறார். கல்லூரியில் இருப்பவர் நடுப்பகுதியை மட்டும் படிக்கிறார். முடிவு நோயாளியின் வீட்டில் இருக்கிறது. அங்கே போய்ப் படிக்க யாருக்கும் கடமை இல்லை.

இதற்குத் தனி மனிதர்களின் அலட்சியம் காரணமில்லை. துறைகளின் அமைப்பே காரணம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கீழ், மாவட்டத் தலைமை மருத்துவமனை மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ், கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன்பே ஒன்றுபட்ட நெல்லை மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை தென்காசியில்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்வித் துறையின் மருத்துவமனை என்பதே காரணம். ஒரு நோயாளி வடகரையிலிருந்து தென்காசி வழியாக ஹைகிரவுண்ட் போய்ச் சேர்வதற்குள் மூன்று இயக்ககங்களைத் தாண்டிவிடுகிறார். ஒவ்வொரு தாண்டலிலும் கேஸ் ஷீட் மாறுகிறது. மேலே அனுப்பும் பாதை எல்லோருக்கும் தெரியும். கீழே செய்தி வரும் பாதையை யாரும் போடவில்லை.

இந்தப் பிரிவினையின் மோசமான விளைவு ஆசிரியர் பற்றியது. மாவட்ட மருத்துவமனையில் பல வருடம் பிரசவம் பார்த்த, பல வருடம் பாம்புக்கடி பார்த்த நிபுணர், கல்வித் துறையின் கணக்கில் ஆசிரியர் இல்லை. மூன்று மாத மாணவர் அவர் கண்காணிப்பில் வேலை செய்கிறார். ஆனால் ஆய்வேட்டின் வழிகாட்டி கல்லூரியில் இருக்கிறார், தேர்வாளர்களும் கல்லூரிகளிலிருந்தே வருகிறார்கள். யாருடைய மதிப்பெண் தன் பட்டத்தைத் தீர்மானிக்கிறதோ அவரிடமிருந்துதான் மாணவர் கற்பார். இது எல்லாப் படிப்புக்கும் பொது. ஆகவே மாவட்ட நிபுணரின் அனுபவம், கேட்க ஆளில்லாமல், அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

மாவட்ட மருத்துவமனையில் வசதி குறைவு, நோய்களின் வகை குறைவு, அங்கேயே மூன்று வருடம் படித்தால் தரம் கெடும் என்று திட்டத்தை ஆதரிப்பவர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதத்துக்குக் காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டின் பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் டி.என்.பி. முதுநிலைப் படிப்பு நடக்கிறது. அதைப் படிப்பவர்கள் எழுதுவது நாடு முழுதுக்கும் பொதுவான தேர்வு. 2020இல் தேசியத் தேர்வு வாரியம் மயக்கவியல், மகப்பேறு, குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் உள்ளிட்ட எட்டுத் துறைகளில் இரண்டு வருடப் பட்டயப் படிப்பையும் தொடங்கியது. 2025 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகள், 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனையில் பத்து வருடம் பணியாற்றிய நிபுணர் இணைப் பேராசிரியராகலாம் என்று சொல்லிவிட்டன. மதுரை எய்ம்ஸைப் பாருங்கள். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022இல் சேர்ந்த முதல் மாணவர்கள் போய்ச் சேர்ந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடம் அது. எய்ம்ஸ் மாணவருக்கே கற்பிக்கத் தகுதியுள்ள இடம், பலகை மாறும் முன் தகுதியற்றதாக இருந்ததா?

வகை குறைவு என்பதும் தவறான பார்வை. பெரிய மருத்துவமனையில் அரிய நோய்கள் வந்து குவிகின்றன என்பது உண்மை. ஆனால் நிபுணராகப் போகிறவரில் பெரும்பாலோர் வாழ்நாளெல்லாம் பார்க்கப்போவது காய்ச்சல், பிரசவம், மூச்சுத் திணறல், பக்கவாதம், விபத்து. இவற்றை முதல் மணி நேரத்தில் பார்க்கும் இடம் மாவட்ட மருத்துவமனை. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில் பூச்சி கடித்த இடம் கறுத்துப் பொருக்காகி, அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும். துணியை விலக்கித் தேடுகிறவருக்கு அது கிடைக்கும். டாக்சிசைக்ளின் மாத்திரையில் நோயாளி பிழைப்பார். தேடாவிட்டால் அதே ஆள் நான்கு நாள் கழித்து ஹைகிரவுண்டின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அரிய நோயாளியாகிவிடுவார். பெரிய மருத்துவமனைகளின் அரிய நோயாளிகளில் எத்தனை பேர் இப்படிக் கீழே தவறவிடப்பட்ட சாதாரண நோயாளிகள் என்பதை நம் முதுநிலைக் கல்வி கேட்பதே இல்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்தக் கேள்வியை முன்பே கேட்டது. கே.வி.குப்பம் வட்டாரத்துக்காக 1977இல் ருஷா என்ற கிராம மையத்தை அமைத்து, ஒரே மக்களைத் தலைமுறை தாண்டிப் பார்த்து வருகிறது. அது தனியார் நிறுவனம், அதனால் முடிந்தது என்று ஒதுக்குவது சரியில்லை. பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் பாதியை ஒதுக்க உச்ச நீதிமன்றம்வரை போராடி, 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பைப் பெற்றது தமிழ்நாடுதான். கிராமத்தில் உழைத்தவர் நிபுணராகி மீண்டும் அதே மக்களிடம் வர வேண்டும் என்பதே அந்தப் போராட்டத்தின் நியாயம். அப்படி வாதாடிய மாநிலம், அவர் திரும்பி வரும் இடத்தை அவர் படிக்கும் இடமாகவும் ஆக்கத் தயங்கக் கூடாது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. மகப்பேறு, குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், அவசர சிகிச்சை ஆகிய துறைகளில் மூன்று வருடமும் தங்கிப் படிக்கும் இடங்களை மாவட்ட மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டும். அங்குள்ள நிபுணருக்கு ஆசிரியர் பதவியும், தேர்வாளராகும் உரிமையும் வேண்டும். ஆய்வேடு அந்த மாவட்டத்து நோயைப் பற்றியதாக, ஒரு வருடமாவது தொடர்ந்து பார்த்த நோயாளிகளைக் கொண்டதாக இருக்க வேண்டும். மேலே அனுப்பிய ஒவ்வொரு நோயாளிக்கும் கீழே ஒரு பதில் கடிதம் கட்டாயமாக வேண்டும். இறுதித் தேர்வில் கட்டிலில் கிடக்கும் ஒருவரைக் காட்டி நோயைக் கேட்பதோடு, மாணவர் ஒரு வருடத்துக்கு முன் பார்த்த ஒருவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

இவை நடக்காமல் கல்லூரி மட்டும் வந்தால், தென்காசி மருத்துவமனையின் பலகையும் இயக்ககமும் மாறும். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற பெயர் சங்கரன்கோவிலுக்கோ கடையநல்லூருக்கோ போகும். பாதியில் அறுந்த கதைகள் அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். மூன்று மாதத் திட்டம் நோயாளிக்குச் சிறிது உதவுகிறது, அது தொடரட்டும். ஆனால் அதைப் பயிற்சி மருத்துவமனை என்று நம்மிடம் சொல்ல வேண்டாம். தான் தொட்ட நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வருடம் கழித்தும் பதில் சொல்லத் தெரிந்த மருத்துவமனைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். அந்த அளவுகோலில் தென்காசியும் இன்னும் தேறவில்லை, ஹைகிரவுண்டும் தேறவில்லை.