ஃபேனை நிறுத்தாமல் பாடலாமா?

கொல்கத்தாவில் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்பவருக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். மே மாதத்தில் அதை நிறுத்தினால் பாட்டு வராது, வேர்வைதான் வரும். ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் வீடு என்றால் பஸ் ஹாரனும் பக்கவாத்தியமாகச் சேர்ந்துகொள்ளும். இந்தச் சூழலில் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் கன்டென்சர் மைக் வேண்டாம் என்று ஷூர் எஸ்எம்58 மைக்கையும் சோனி எம்டிஆர்-7506 ஹெட்போனையும் எடுத்துப் பார்த்தேன்.

எஸ்எம்58, 1966-ல் வந்த டைனமிக் மைக். 48 வோல்ட் ஃபான்டம் பவர் தேவையில்லை. முன்னால் வரும் ஒலியை வாங்கி, முதுகுப்பக்கச் சத்தத்தைப் பெருமளவு விட்டுவிடும். அதன் முதுகை ஜன்னலுக்குக் காட்டி வைத்து, ஃபேனை இரண்டில் ஓடவிட்டுப் பாடியதில் ஹாரன் தம்புராவுக்குக் கீழே அடங்கியது. பூஜைப் பந்தல் மேடையிலும் இதே குணம்தான் உதவும்: மானிட்டரை மைக்குக்கு நேர் பின்னால் வைத்தால் ஊளையிடாது.

தொல்லை தூரத்தில்தான். நம்மவர்கள் சம்மணமிட்டு, மைக்கை ஓரடி தள்ளி வைத்து, சங்கதிக்குச் சங்கதி தலையை ஆட்டுவார்கள். அவ்வளவு தள்ளினால் குரல் மெலிகிறது. உதட்டோடு ஒட்டினாலோ மந்த்ர ஸ்தாயி தேவைக்கு மேல் கனக்கிறது. நான்கு விரல் இடைவெளி சரியாக இருந்தது. 1902 நவம்பரில் இதே ஊரில் கௌஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்குப் பாடியபோது மைக்கே கிடையாது, கூம்புதான். தூரத்தை வைத்துத்தான் ஒலியளவு. அந்த ஒழுங்கில் கொஞ்சம் இதற்கும் வேண்டும். சிக்னலும் பலவீனம். 60 டெசிபல் அளவுக்குக் கெயின் தராத இன்டர்ஃபேஸில் இரைச்சல் கேட்கும்.

ஹெட்போன் காதை மூடும் வகை. தம்புரா ஒலி மைக்கில் கசியவில்லை. 63 ஓம் என்பதால் லேப்டாப்பிலேயே போதிய சத்தம் வருகிறது. மேல் அலைவரிசை தூக்கல்: ‘ஸ’ ஊசியாகக் குத்தும். பிசிறைப் பிடிக்க நல்லது, இரவில் ஆசையாகப் பாட்டுக் கேட்க அல்ல. கேபிளைக் கழற்ற முடியாது, அறுந்தால் சால்டரிங்தான். இந்த ஊர் ஈரத்தில் காது மெத்தையும் உரியும், மாற்று கிடைக்கிறது. ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் பாடும்போது தொடாதீர்கள். தன் குரலே தாமதமாகத் திரும்பி வந்தால் எந்தத் தாளமும் நிற்காது.

எஸ்எம்58-க்குப் போலிகள் ஏராளம். சாந்தினி மார்க்கெட்டில் விலை பாதி என்றால் நகர்ந்துவிடுங்கள். அசலின் எடை 298 கிராம், வீட்டுத் தராசிலேயே தெரிந்துவிடும்.

வாய்ப்பாட்டுக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் வாங்கலாம். வீணைக்கு வேண்டாம், அதற்கு அமைதியான அறையும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்ற கன்டென்சர் மைக்கும்தான் சரி.