திரைப்படக் கல்வியும் தீவகத்தின் பிம்பமும்: சிறப்புப் பட்ட ஆண்டு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலை பல்கலைக்கழகத்தினுள் பாடமாக நுழையும்பொழுது அதற்கு இரண்டு ஆபத்துக்கள் நேர்வதுண்டு. ஒன்று, பெயர்களும் ஆண்டுகளும் கொண்ட பரீட்சைக் குறிப்பாக அது சுருங்கிவிடுதல். மற்றது, சந்தை வேண்டும் கைத்திறனை மாத்திரம் வழங்கும் பயிற்சிப் பட்டறையாக அது மாறிவிடுதல். திரைப்படம், தொலைக்காட்சி, அசைவூட்டம் ஆகிய மூன்றையும் சிறப்புப் பட்டத்துக்குரிய கற்கையாகக் கொள்ளும் மாணவரை இவ்விரு ஆபத்துக்களும் ஒருங்கே எதிர்நோக்குகின்றன. ஊடகக் கற்கை இன்று உயர்தர வகுப்புப் பாடமாகவும் பல்கலைக்கழகத் துறையாகவும் இடம்பெற்றுவிட்டது. எனவே அது வேண்டுமா என்பது வினாவன்று. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தின் இறுதி ஆண்டு, ஆய்வேட்டுக்குரிய அந்த ஆண்டு, யாருக்காக எதனைச் செய்யவேண்டும் என்பதே வினா. இதனைப் பொதுப்படப் பேசுவதிலும் ஓர் இடத்தை முன்னிறுத்திப் பேசுதல் பயன்தரும். நாம் முன்னிறுத்தும் இடம் நெடுந்தீவு.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' எஸ். எம். நாயகம் என்னும் தமிழ்த் தயாரிப்பாளரால் மதுரையிலிருந்த ஸ்ரூடியோவில் உருவாக்கப்பட்டது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தின் மூலம் கமெராவை ஸ்ரூடியோவுக்கு வெளியே, கிராமத்தின் வெயிலுக்குக் கொண்டுவந்தார். அவரது 'கம்பெரலிய' 1965 இல் புதுடில்லி விழாவில் தங்கமயில் விருது பெற்றது. ஈழத்துத் தமிழ்த் திரைப்படமோ 1962 இல் 'சமுதாயம்', 1963 இல் 'தோட்டக்காரி' என மெல்லத் தோன்றி, தென்னிந்தியப் படங்களின் பெருஞ்சந்தைக்கு ஈடுகொடுக்க இயலாது தத்தளித்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கி இறக்குமதியைத் தன்வசம் எடுத்துக்கொண்டமை உள்ளூர்த் தயாரிப்புக்கு ஓரளவு மூச்சுவிட இடமளித்தது. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகியன இக்காலத்துக்குரியவை. 1983 யூலை வன்செயல் இம்முயற்சியின் முதுகெலும்பை முறித்தது.

இவ்வரலாற்றில் எமது பொருளுக்கு மிக வேண்டப்படும் ஒரு செய்தி உண்டு. 'பொன்மணி'யை நெறிப்படுத்திய தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண வளாகத்தில் சிங்களம் கற்பித்த விரிவுரையாளர். கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. யாழ்ப்பாணச் சமூகத்தின் சீதனத்தையும் சாதியையும் ஒரு சிங்களக் கலைஞர் தமிழில் படமாக்கினார்; முதலாவது சிங்களப் பேசும்படத்தை ஒரு தமிழர் தயாரித்தார். கலையின் உற்பத்தி இனத் தூய்மை பேசுவோரின் எல்லைக்கோடுகளுக்குள் அடங்குவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் 1974 இல் தொடங்கிய அவ்வளாகத்தின் விரிவுரையாளர் ஒருவர் படம் எடுத்தார் என்பது வேறு, படம் எடுத்தல் பல்கலைக்கழகக் கல்வியின் பகுதியாயிற்று என்பது வேறு. முன்னையது தனிமனித ஆற்றலின் விளைவு. பின்னையதற்கு நிறுவனம் வேண்டும். கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து நூல் வெளியிட்டபொழுது, திரைப்படம் ஆய்வுக்குரிய பொருள் என்பது நிலைநாட்டப்பட்டது. ஆய்வும் ஆக்கமும் ஒரே கற்கையில் சந்திக்கும் பணியே எஞ்சி நின்றது.

இனி நெடுந்தீவுக்கு வருவோம். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் அடையப்படும் இத்தீவு யாழ்ப்பாணத்தின் பெரிய தீவுகளுள் ஒன்று. செங்கை ஆழியான் 1973 இல் வெளியிட்ட 'வாடைக்காற்று' நாவலின் களம் இதுவே. வாடைக்காற்று வீசும் பருவத்தில் வெளியிடங்களிலிருந்து வந்து கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவருக்கும் தீவினருக்கும் இடையே எழும் உறவும் முரணும் அந்நாவலின் உள்ளீடு. புவியியல் கற்ற எழுத்தாளர் ஒருவருக்குக் காற்றென்பது வருணனைக்குரிய அலங்காரமன்று. உழைப்பின் நாட்காட்டி அது. காற்று மாறும்பொழுது தொழில் மாறுகிறது, தொழில் மாறும்பொழுது மனிதர் இடம்பெயர்கின்றனர், இடம்பெயர்வு காதலையும் பகையையும் கொணர்கிறது. பொருளியல் அடித்தளம் உணர்ச்சி உலகை எங்ஙனம் நிர்ணயிக்கின்றது என்பதைக் கோட்பாட்டுச் சொற்கள் எவையுமின்றியே இந்நாவல் காட்டுகின்றது.

1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் நெறியாள்கையில் இந்நாவல் படமாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராயும் சிறப்புப் பட்ட மாணவர் எதனைத் தேடவேண்டும்? 'கதை மாறியதா, மாறவில்லையா' என்பது பள்ளிக்கூட வினா. எழுத்தில் ஒரு பத்தியாக விரியும் உழைப்பு திரையில் எத்தனை நொடி நிற்கின்றது, வலையும் வள்ளமும் உடைய சம்மாட்டியையும் பங்குக்கு உழைப்பவனையும் கமெரா எந்தத் தூரத்திலிருந்து நோக்குகின்றது, காற்றை எந்த ஒலி சொல்கின்றது, பாட்டு எவ்விடத்தில் வேலையை இடைநிறுத்திக் காதலைத் தொடக்குகின்றது என்பனவே ஆய்வு வினாக்கள். தென்னிந்திய வணிகப் படத்தின் வாய்பாட்டில் பழகிய பார்வையாளரை இழக்கவும் இயலாது, தம் மண்ணின் வாழ்வை விடவும் இயலாது இடர்ப்பட்ட ஒரு சிறு தொழிற்றுறையின் முரண்பாடு இக்காட்சிகளின் அளவிலும் ஒழுங்கிலும் பதிந்திருக்கும். அதனைக் கண்டறியப் படத்தொகுப்பின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். செய்முறை அறிவு விமரிசனத்துக்கு அவசியமாவது இங்கேதான்.

தொலைக்காட்சியின் நிலை இன்னும் கூர்மையான வினாக்களை எழுப்புகின்றது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. இன்று தமிழகத் தொலைக்காட்சிச் செய்திகளில் நெடுந்தீவின் பெயர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறுகின்றது: அதன் கடற்பரப்பில் மீனவர் கைது செய்யப்பட்டனர் என்பதே அவ்வாக்கியம். அடிமட்ட இழுவைமுறை 2017 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் மூலம் இலங்கையில் தடைசெய்யப்பட்டமை அவ்வாக்கியத்துள் வருவதில்லை. றோலரில் கூலிக்கு ஏறியவனின் முகம் காட்டப்படுகின்றது. றோலரின் உரிமையாளர் காட்டப்படுவதில்லை. வலை அறுந்த தீவக மீனவனும் காட்டப்படுவதில்லை. இருகரைகளிலும் உழைப்பவர் இருவர் மோத, மூலதனம் திரைக்கு வெளியே நிற்கின்றது. மறுபுறத்தில், உல்லாசப் பயணத்துக்கான காட்சிகளில் கட்டைக்குதிரைகளும் பெருக்கமரமும் முருகைக்கல் வேலிகளும் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் அழகாகத் தோன்றுகின்றன. வேலியை அடுக்கிய கை தோன்றுவதில்லை. செய்தி தீவைக் குற்றத்தின் எல்லையாக்குகின்றது. விளம்பரம் அதனை மனிதரற்ற காட்சிசாலையாக்குகின்றது. இவ்விரு பிம்பங்களையும் உற்பத்தி செய்வோர் தீவினர் அல்லர்.

மூன்றாவதான அசைவூட்டத்தைச் சிறுவர் கேளிக்கை எனத் தள்ளிவிடுவோர் எம்மிடையே உளர். இது தவறான கருத்தாகும். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் தேவை. ஐந்து நிமிடப் படத்துக்கு 3600 ஓவியங்கள். நாளொன்றுக்கு இருபது வரையும் மாணவருக்கு அது 180 நாட்களின் உழைப்பு, அதாவது ஓராண்டின் பாதி. உழைப்பைத் துண்டுதுண்டாகப் பிரித்து மலிவான நாடுகளுக்கு ஒப்படைக்கும் கைத்தொழிலாக அசைவூட்டம் உலகில் வளர்ந்தமைக்கான காரணம் இக்கணக்கிலேயே உண்டு. எமது மாணவர் அவ்வரிசையின் கடைசிக் கூலியாளராகப் பயிற்றப்படுகின்றனரா, தம் கதையைத் தாமே வரையும் கலைஞராகப் பயிற்றப்படுகின்றனரா என்பதைக் கற்கைநெறியே தீர்மானிக்கும்.

கமெரா இல்லாதிருந்த இடத்துக்குச் செல்லவல்லது அசைவூட்டம் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் வழிமறிக்கப்பட்டுக் குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் அந்நிகழ்வைப் பெரிதும் உயிர்தப்பியோரின் சொல்லே சுமந்து நிற்கின்றது. நடிகரைக் கொண்டு அதனை மீள நடித்துக்காட்டுதல் எளிதில் கொடூரக் காட்சியாகச் சீரழியக்கூடும். 1982 லெபனான் போரின் நினைவைப் பொருளாகக் கொண்ட 'வோல்ற்ஸ் வித் பஷீர்' (2008), சாட்சியத்தின் குரலை வரைந்த பிம்பத்தோடு இணைக்கலாம் என்பதைக் காட்டியுள்ளது. எனினும் அதன் நினைவு பெரும்பாலும் படையினனின் நினைவு. படகில் இருந்தோரின் நினைவை வரைவது வேறொரு கடமை. அதனை மேற்கொள்ளும் மாணவருக்கு ஓவியத் திறனோடு, சாட்சியத்தைக் கேட்கும் முறைமையும், சொன்னவரின் சம்மதத்தை மதிக்கும் ஒழுக்கமும் கற்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

வசதியில்லை என்ற வாதம் இங்கு எழும். உலகின் முதலாவது திரைப்படக் கல்லூரி 1919 இல் மொஸ்கோவில் தொடங்கியபொழுது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; படச்சுருள் கிடைப்பது அரிதாயிருந்தது. குலஷோவின் மாணவர் சுருளின்றியே காட்சிகளை மேடையில் அமைத்துப் பயின்றனர். அப்பஞ்சத்தினூடே படத்தொகுப்புக் கோட்பாடு வளர்ந்தது. 1932 இல் மெட்வெட்கின் குழுவினர் புகையிரதமொன்றில் பயணஞ்செய்து, தொழிலாளரைப் படம்பிடித்து, வண்டியிலேயே கழுவித் தொகுத்து, அவர்களுக்கே காட்டி விவாதித்தனர். எமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் கனடாவின் போகோ தீவு. 1967 இல், தீவினரை வேறிடங்களில் குடியமர்த்துவது பற்றி அரசு ஆலோசித்த வேளையில், தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோ, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு இணைந்து அத்தீவின் மீனவரைக் கொண்டு 27 குறும்படங்களை உருவாக்கினார். படங்கள் முதலில் தீவினருக்கே காட்டப்பட்டன. தம்மைப் பற்றிய பகுதியை நீக்கக் கோரும் உரிமையும் அவர்களுக்கிருந்தது. தம்முள் பிரிந்திருந்த ஊர்கள் தம் குறைகள் பொதுவானவை என உணர்ந்தன; மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அரச நிதியில் நடந்த அம்முயற்சி உடைமையுறவுகளின் அடிப்படையைத் தொடவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு தீவும் கமெராவினூடாக எங்ஙனம் உரையாடலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

சிறப்புப் பட்ட ஆண்டில் ஆய்வேடும் ஆக்கமும் தனித்தனிப் புள்ளிகளுக்குரிய இரு வேலைகளாக இருத்தல் கூடாது என்பது இவற்றினின்று பெறப்படும் முடிபு. 'வாடைக்காற்'றை ஆராயும் மாணவர் ஒரு வாடைப்பருவம் முழுவதும் கரையில் தங்கி அதே உழைப்பைத் தாம் படமாக்க முனைதல் வேண்டும். அப்பொழுதே பழைய படத்தின் வெற்றியும் வரையறையும் அவருக்குப் புலனாகும். ஆக்கிய படம் பரீட்சகருக்குக் காட்டப்படுமுன் தீவினருக்குக் காட்டப்படல் வேண்டும். அவர்கள் கூறிய மறுப்புக்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாதல் வேண்டும். எளிதில் பார்க்கக் கிடையாத எமது பழைய படங்களைத் தேடிப் பேணுவதும் இக்கற்கையின் கடமையாதல் வேண்டும்.

பட்டம் பெற்றவருக்குத் தொழில் வேண்டாமா எனக் கேட்பர். வேண்டும். ஏழை மீனவக் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு நான்காம் ஆண்டு என்பது வருமானமின்றிக் கழியும் மேலுமோர் ஆண்டு. படகுக் கட்டணமும் விடுதிச் செலவும் கூடியது. இதனைப் புறக்கணித்துக் கலையின் உயர்வைப் பேசுதல் வெறும் கருத்துமுதல்வாதமாகும். ஆகவே அவ்வாண்டுக்கான உதவிப்பணமும் கருவிகளைக் கடன்வழங்கும் ஏற்பாடும் கல்விக் கோரிக்கையின் பிரிக்கவொண்ணாப் பகுதிகள். கமெரா இன்று தொலைபேசிக்குள் வந்துவிட்டது. கருவி மலிந்த அளவுக்குக் கல்வி மலியவில்லை. எதனை, யார் நின்ற இடத்திலிருந்து, யாருக்காகக் காட்டுவது என்ற அறிவை எந்தக் கருவியும் தன்னுடன் கொண்டுவருவதில்லை. அவ்வறிவை அளிக்கும் ஆண்டாகச் சிறப்புப் பட்ட ஆண்டு அமையுமாயின், நெடுந்தீவின் பிள்ளைகள் பிறர் எடுத்த படங்களின் பின்னணியாக நிற்கும் நிலை மாறும். அமையாவிடின், அதே பழைய பிம்பங்களைக் குறைந்த கூலிக்கு உற்பத்தி செய்யும் பட்டதாரிகளையே நாம் உருவாக்குவோம்.